நாலேகாலுக்குப் பிறகு: பின்னேர வேலைகளை எந்த வரிசையில் செய்வது?

கந்தோர் விடுவது நாலேகாலுக்கு. மட்டக்களப்பு நகரத்தின் புளியந்தீவில் ஸ்கூட்டியை எடுத்தால் கல்லடிப் பாலம், நாவற்குடா, காத்தான்குடி எல்லாம் தாண்டி ஆரையம்பதியில் வீடு. வீட்டுக்குப் போவதற்கு முன் கரண்ட் பில் கட்ட வேண்டும். மாமியின் இரத்தப் பரிசோதனை றிப்போட்டை எடுக்க வேண்டும், நாளைக்குக் கிளினிக். மீன் வாங்க வேண்டும். தைக்கக் கொடுத்த மகளின் பள்ளிச் சப்பாத்தையும் மறக்காமல் வாங்க வேண்டும். இவ்வளவும் முடிந்து வீட்டுக்குள் கால் வைத்தால் அடுப்படி, வீட்டுப்பாடம், நாளைய உடுப்பு.

‘நேரம் போதாது’ என்றுதான் நானும் பல காலம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பில்லின் பின்பக்கத்தில் நிமிடங்களை எழுதிக் கூட்டிப் பார்த்தேன். நான் நினைத்த அளவுக்கு நேரம் குறைவாக இல்லை, வரிசைதான் பிழைத்திருந்தது. அந்த வரிசையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பல வேலைகள், செய்ய ஒரே ஆள். எதை முதலில் தொடுவது? இந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. ஒரே இயந்திரத்துக்கு முன்னால் பத்து வேலைகள் குவிந்து கிடந்தால் எதை முதலில் ஏற்றுவது என்று தொழிற்சாலைக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட 1950களில் அது நன்றாக வளர்ந்தது. தமிழில் ‘வேலை வரிசைப்படுத்தல்’ என்று சொல்லலாம். உங்கள் கைபேசிக்குள் ஒரே நேரத்தில் பாட்டும் வட்ஸ்அப்பும் ஓடுவதற்குப் பின்னாலும் இதே கணக்குத்தான். நம் கதையில் அந்த இயந்திரம் நாம்.

எல்லா வரிசையையும் யோசித்துப் பார்த்து நல்லதை எடுத்தால் என்ன என்று கேட்கலாம். நாலு வேலையை 24 விதமாக அடுக்கலாம். ஐந்து வேலை என்றால் 120 விதம். பத்து வேலை என்றால் 36 இலட்சத்து 28 ஆயிரத்து 800 விதம். அதனால்தான் விதிகள் தேவைப்படுகின்றன. நல்லகாலம், சில விதிகள் சின்னப் பிள்ளைக்கும் புரிகிற அளவுக்கு எளியவை.

சரி, என் நாலு வேலைகளுக்கு வருவோம். நாலும் பாலத்துக்கு அந்தப் பக்கம், நகரத்துக்குள். போகிற நேரத்தையும் சேர்த்து நிமிடக் கணக்கு இப்படி: பில் கட்ட 15 நிமிடம், கவுண்டர் 4.45க்குப் பூட்டும். றிப்போட் எடுக்க 20 நிமிடம், 5 மணிக்குள் போக வேண்டும். மீனுக்கு 30 நிமிடம், 5.15 தாண்டினால் நல்ல மீன் இருக்காது. சப்பாத்துக்கு 15 நிமிடம், தைப்பவர் 5.30க்குக் கடையைக் கட்டிவிடுவார்.

முதல் விதி எல்லோருக்கும் தோன்றுவதுதான்: எதன் கெடு முதலில் வருகிறதோ அதை முதலில் செய். இதைக் கணக்காக நிறுவிக் காட்டியவர் ஜேம்ஸ் ஜக்சன், 1955ல். அதன்படி போனால் பில் 4.30க்கு முடியும். றிப்போட் 4.50க்கு. இரண்டும் நேரத்துக்கு முடிந்துவிட்டன. மீன் முடியும்போது 5.20, ஐந்து நிமிடம் பிந்தியாயிற்று. சப்பாத்து 5.35, அதுவும் ஐந்து நிமிடம் பிந்தல். இதில் ஜக்சன் தரும் உறுதி என்னவென்றால், நாலு வேலையை வேறு எப்படி மாற்றி அடுக்கினாலும், ஆகக் கூடிய பிந்தல் ஐந்து நிமிடத்துக்குக் கீழே வராது. 24 விதத்தையும் போட்டுப் பாருங்கள், வராது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடம் பிந்திப் போய் சப்பாத்துக் கடைக்கு முன்னால் நின்றால் என்ன கிடைக்கும்? பூட்டுத்தான். ஐந்து நிமிடம் பிந்தினாலும் பூட்டு, ஐம்பது நிமிடம் பிந்தினாலும் அதே பூட்டு. மகள் மறுநாள் பள்ளிக்குச் செருப்போடு போக வேண்டியதுதான்.

இங்கேதான் இரண்டாவது விதி வருகிறது. 1968ல் மைக்கேல் மூர் என்பவர் கேள்வியையே மாற்றிக் கேட்டார்: எவ்வளவு பிந்துகிறது என்பதை விடு, எத்தனை வேலை பிந்துகிறது? அந்த எண்ணிக்கையை எப்படிக் குறைப்பது? அவர் வழி இது. கெடு வரிசையிலேயே போ. எந்த இடத்தில் ஒரு வேலை பிந்துகிறதோ அங்கே நில். அதுவரை அடுக்கியவற்றில் ஆக நீளமான வேலையைத் தூக்கிக் கடைசியில் போடு. மறுபடியும் தொடர்.

நம் வரிசையில் முதலில் பிந்துவது மீன். அதுவரை உள்ள மூன்றில் ஆக நீளமானதும் மீன்தான், 30 நிமிடம். அதைக் கடைசிக்குத் தள்ளினால் பில் 4.30, றிப்போட் 4.50, சப்பாத்து 5.05. மூன்றும் நேரத்துக்கு முடிகின்றன. மீன் மட்டும் 5.35 ஆகிறது, இருபது நிமிடம் பிந்தல். அதாவது நல்ல மீன் கிடைக்காது, இன்று பருப்பும் முட்டையும்.

ஆக, அதே நாலு வேலைக்கு இரண்டு விடைகள். ஒன்றில் இரண்டு வேலை ஐந்தைந்து நிமிடம் பிந்துகிறது. மற்றதில் ஒரே வேலை இருபது நிமிடம் பிந்துகிறது. எது சரி என்று கணக்கு சொல்லாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். பின்னேர வேலைகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, கதவு பூட்டுகிற வேலை: கவுண்டர், கடை, கந்தோர். கொஞ்சம் பிந்தினாலும் முழுதாகப் பிந்தியதுதான். மற்றது, ஆள் காத்திருக்கிற வேலை: ரியூசன் வாசலில் நிற்கும் மகள், பஸ் நிலையத்தில் இறங்கும் தங்கை. ஐந்து நிமிடம் பிந்தினால் முகம் கொஞ்சம் சுருங்கும், ஒரு மணித்தியாலம் பிந்தினால் இரண்டு நாளைக்குக் கதைக்க மாட்டார்கள். கதவு வேலைக்கு மூர், ஆள் வேலைக்கு ஜக்சன். பட்டியல் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ‘க’ அல்லது ‘ஆ’ என்று ஓர் எழுத்துப் போட்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

ஒரு குறை இருக்கிறது. மூரின் விதிக்கு எல்லா வேலையும் ஒரே விலைதான். அன்று றிப்போட் எடுக்க 40 நிமிடம் பிடித்திருந்தால், மீனை விட்டுவிட்டு றிப்போட்டைத்தான் தூக்கிப் போடு என்று சொல்லியிருக்கும். மாமியின் கிளினிக்கைவிட மீனா பெரிது? ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு பெறுமதி என்று சேர்த்துக் கேட்டால் கணக்கு சட்டென்று கடினமாகிவிடுகிறது. ரிச்சர்ட் கார்ப் 1972ல் பட்டியலிட்ட, புகழ்பெற்ற 21 கடினமான கணக்குகளில் இதுவும் ஒன்று. எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் வேகமாக விடை தரும் வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே பின்னேரங்களில் நமக்குத் தலை சுற்றுவதில் வெட்கப்பட எதுவுமில்லை. நல்லவேளை, நாலைந்து வேலைக்குக் கையாலேயே போட்டுப் பார்த்துவிடலாம். எது போனாலும் பரவாயில்லை என்பதை நாலேகாலுக்கு முன்பே முடிவு செய்துவிடுவது அதைவிடச் சுலபம். என் பட்டியலில் மீனுக்குப் பக்கத்தில் எப்போதும் ‘போனால் போகட்டும்’ என்ற குறி இருக்கும். வீட்டில் அதற்கு ஆட்சேபனை இருக்கிறது என்பதும் தெரியும்.

இதற்குள் பாலத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நகரத்தையும் கல்லடியையும் இணைக்கும் பழைய இரும்புப் பாலம் 1924ல் திறந்தது, அப்போதைய ஆளுநரின் மனைவி மானிங் சீமாட்டியின் பெயர். பக்கத்தில் புதியது 2013ல் வந்தது. கீழே வாவியில் மீன் பாடும் என்பார்கள், அதைக் கேட்க நிலவு நாளில் தோணியில் போவார்கள். வேலை முடிந்து வருகிறவருக்கு அது ஒரு கோடு, அவ்வளவுதான். கோட்டுக்கு அந்தப் பக்கத்து வேலையை மறந்துவிட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டால் திரும்பிப் போவது ஒரு தனி வேலை. தொழிற்சாலையில் ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற்றும்போது இயந்திரத்தைக் கழுவ நேரம் போகும். அதனால் ஒரே நிற வேலைகளை ஒன்றாகச் சேர்த்து ஓட்டுவார்கள். நமக்கும் அதே: ஒரே பக்கத்து வேலைகளை ஒன்றாகச் சேர்.

இதை எனக்குப் படிப்பித்தது புத்தகம் அல்ல, 2022. பெட்ரோல் தட்டுப்பாட்டில் கியூஆர் பங்கீட்டு முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் பெட்ரோல். ஒரு கொத்தமல்லிப் பைக்கற்றுக்காகப் பாலம் தாண்டுகிற பழக்கம் அந்த மாதத்தோடு போயிற்று. பிறகு பெட்ரோல் தாராளமாகக் கிடைத்தபோதும் பழக்கம் மட்டும் திரும்பவில்லை.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு ஆட்டம் வேறு. அங்கே பூட்டுகிற கதவு இல்லை, எல்லாம் காத்திருக்கிற ஆட்கள். “தேத்தண்ணி ஒண்டு ஊத்தித் தா புள்ள” என்பார் மாமி: ஐந்து நிமிடம். பக்கத்து வீட்டுக்காரிக்கு அவர் தந்த சட்டியைத் திருப்பிக் கொடுத்து இரண்டு வார்த்தை கதைக்க வேண்டும்: பத்து நிமிடம், அதுவும் குறைத்துச் சொல்கிறேன். மகளுக்குக் கணக்குப் பாடம்: நாற்பது நிமிடம். மகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிடுவதால் முன்பெல்லாம் அதிலிருந்துதான் தொடங்குவேன். அப்படிச் செய்தால் மகள் 40 நிமிடம், சட்டிக்காரி 50, மாமி 55 காத்திருக்கிறார்கள். எல்லாருடைய காத்திருப்பையும் கூட்டினால் 145 நிமிடம். தலைகீழாக, சின்ன வேலையை முதலில் செய்தால் மாமி 5, சட்டி 15, மகள் 55. மொத்தம் 75. நான் வேலை செய்தது இரண்டிலும் அதே 55 நிமிடம்தான். வீட்டின் முணுமுணுப்பு மட்டும் பாதியாகக் குறைகிறது.

வேய்ன் ஸ்மித் 1956ல் இதற்கு ஒரு திருத்தத்தையும் சேர்த்துச் சொன்னார். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முக்கியத்துவ எண் கொடு. நிமிடத்தை அந்த எண்ணால் வகு. விடை எதற்குச் சிறியதோ அது முதலில். சாதாரண நாளில் எல்லாவற்றுக்கும் 1. நாளைக்குப் பரீட்சை என்றால் பாடத்துக்கு 10 போடுகிறேன். 40ஐ 10ஆல் வகுத்தால் 4. தேத்தண்ணி 5ஐ 1ஆல் வகுத்தால் 5. பாடம் முன்னால் வந்துவிட்டது. மாமியிடம் இந்த வகுத்தலை விளங்கப்படுத்த முயன்றதில்லை.

அடுத்தது அடுப்படி. எனக்கு இந்தப் படிப்பிலேயே ஆகப் பிடித்த விதி இங்கேதான் வேலை செய்கிறது. சமையலில் ஒவ்வொரு கறிக்கும் இரண்டு கட்டம்: முதலில் வெட்டுவது, பிறகு அடுப்பில் வைப்பது. வெட்டுப் பலகை ஒன்று. பாவிக்கிற அடுப்பும் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மற்ற அடுப்பில் எப்போதும் சுடுதண்ணீர்தான். சோறு ரைஸ் குக்கரில் தன்பாட்டில் வேகும், அதை உடுப்பு மாற்றுவதற்கு முன்பே தட்டிவிட வேண்டும். ஆள் பக்கத்தில் நிற்கத் தேவையில்லாத வேலை எதுவானாலும் முதலில் தொடங்கிவைத்துவிட்டுத்தான் மற்றவை.

இன்று பருப்பு: கழுவி வெங்காயம் வெட்ட 3 நிமிடம், வேக 20. கத்தரிக்காய்: வெட்ட 10, அடுப்பில் 15. கீரைச் சுண்டல்: ஆய்ந்து அரிய 12, அடுப்பில் 5. எதை முதலில் வெட்டுவது?

செல்மர் ஜோன்சன் 1954ல் சொன்ன விதி இரண்டு வரிதான். எல்லா நிமிடங்களிலும் ஆகச் சிறிய எண்ணைத் தேடு. அது வெட்டும் பக்கத்தில் இருந்தால் அந்தக் கறியை வரிசையின் முன்னால் போடு, அடுப்புப் பக்கத்தில் இருந்தால் கடைசியில் போடு. அதை எடுத்து ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கும் அதே. இங்கே ஆகச் சிறியது 3, பருப்பை வெட்டும் நேரம், ஆகவே பருப்பு முதலில். அடுத்த சிறியது 5, கீரை அடுப்பில் இருக்கும் நேரம், ஆகவே கீரை கடைசி. நடுவில் கத்தரிக்காய்.

போட்டுப் பார்ப்போம். 3ஆம் நிமிடம் பருப்பு அடுப்பில், 23ல் இறங்கும். அதற்குள் கத்தரிக்காய் வெட்டி முடிந்து 10 நிமிடமாகக் காத்திருக்கிறது. 23ல் ஏறி 38ல் இறங்கும். கீரையும் அதற்குள் தயார், 38ல் ஏறி 43ல் இறங்கும். 43 நிமிடத்தில் சமையல் முடிந்தது. இதையே ‘மெனக்கெட்ட வேலையை முதலில் முடிப்போம்’ என்று கீரையிலிருந்து தொடங்கினால், முதல் 12 நிமிடம் அடுப்பு சும்மா கிடக்கும். கீரை 17ல் இறங்கினால் கத்தரிக்காய் இன்னும் பலகையில். அது 22ல் ஏறி 37ல் இறங்கும். பருப்பு 37ல் ஏறி 57ல் இறங்கும். பதினான்கு நிமிட வித்தியாசம், கத்தி ஒரு வெட்டுக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மா எப்போதும் பருப்பைத்தான் முதலில் ஏற்றுவார். ஜோன்சனை அவருக்குத் தெரியாது.

உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்துக்கும் காயப்போடும் கொடிக்கும் இதே விதிதான். மார்கழி மழையில் மட்டும் கொடிப் பக்கத்து எண்ணை யாரும் சொல்ல முடியாது. அந்த மாதங்களில் நான் விதியை விட்டுவிட்டு வானத்தைப் பார்க்கிறேன்.

இனி ஒரு வில்லங்கம். எங்கள் வீட்டில் ஸ்கூட்டி ஒன்றுதான். ஒருநாள் மாமியின் பிறஷர் குளிசை முடிந்துவிட்டது, பாமசிக்குப் போக வேண்டும். ஸ்கூட்டியை மகன் எடுத்துப் போயிருந்தான், ஏதோ போட்டோ கொப்பி அடிக்க. வழியில் கூட்டாளி ஒருவன் மறித்து, பந்து பொறுக்கிப் போடக் கூப்பிட்டிருக்கிறான். இப்போது பாருங்கள்: ஆக முக்கியமான வேலை குளிசை. அதைத் தடுத்து வைத்திருப்பது போட்டோ கொப்பி, ஏனென்றால் ஸ்கூட்டி அதனிடம். போட்டோ கொப்பியைத் தடுத்து வைத்திருப்பது கிரிக்கெட். கிரிக்கெட்டுக்கு ஸ்கூட்டி தேவையே இல்லை, குளிசைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. இருந்தும் கிரிக்கெட் முடிந்தால்தான் குளிசை.

இதே சிக்கல் செவ்வாய்க் கிரகத்தில் நடந்திருக்கிறது. 1997 ஜூலை 4ஆம் திகதி அங்கே இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் விண்கலம், இறங்கிய பிறகு தானாகவே நின்று நின்று மறுபடி தொடங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன வேலை, எல்லோரும் பகிர்கிற ஒரு பொருளைக் கையில் வைத்திருந்தது. அதைவிடச் சற்று முக்கியமான வேறு வேலைகள் குறுக்கே வந்து அந்தச் சின்ன வேலையை நகரவிடவில்லை. ஆக முக்கியமான வேலை அந்தப் பொருளுக்காகக் காத்திருந்தது. அது நேரத்துக்கு முடியாததைக் கண்ட காவல் ஏற்பாடு, ஏதோ பிழைத்துவிட்டது என்று கணினியை மறுபடி தொடக்கிவிட்டது. பூமியிலிருந்தே ஒரு திருத்தம் அனுப்பிச் சரிசெய்தார்கள். திருத்தம் என்னவென்றால், பெரிய வேலைக்குத் தேவையான பொருளைச் சின்ன வேலை வைத்திருக்கும்வரை, அந்தச் சின்ன வேலைக்கும் பெரியதன் அவசரம் தொற்றிக்கொள்ளட்டும். அப்போது இடையில் யாரும் குறுக்கிட முடியாது.

எங்கள் வீட்டில் இதன் வடிவம்: சாவியை எடுத்துப் போகிறவரின் போன் மேல்சட்டைப் பையில் இருக்க வேண்டும். “குளிசை” என்று ஒரு வார்த்தை வந்தால் பந்து எங்கே போனாலும் சரி, கொப்பியை அடித்துக்கொண்டு நேரே வீடு. மகனுக்குச் செவ்வாய்க் கிரகக் கதையைச் சொன்ன பிறகுதான் இது உறைத்தது. முந்தி எத்தனை தரம் ஏசியும் பலனிருக்கவில்லை.

கடைசியாக, இந்த விதிகள் எதுவும் கணக்கில் எடுக்காத ஒரு வேலை. மேலே நான் எழுதிய எல்லாவற்றிலும் பட்டியல் ஏற்கனவே கையில் இருக்கிறது. அந்தப் பட்டியலை யார் எழுதினார்? குளிசை முடியப் போகிறது, காஸ் சிலிண்டர் இலேசாகிவிட்டது, கவுண்டர் 4.45க்குப் பூட்டும் என்பதையெல்லாம் யாராவது பகல் முழுக்கத் தலையில் வைத்திருக்க வேண்டும். கணினியில்கூட வரிசை போடும் நிரலும் ஒரு வேலைதான், அதுவும் நேரத்தைத் தின்னும்.

என் கணவருக்கு வேலை கல்முனையில். பஸ்ஸில் களுவாஞ்சிகுடி வழியாக வந்து ஆரையம்பதியில் இறங்குவார், நகரப் பக்கம் வரத் தேவையில்லை. அதனால் நகர வேலைகள் எனக்கு, களுவாஞ்சிகுடிப் பக்கத்து வேலைகள் அவருக்கு என்று வழியைப் பார்த்துப் பிரித்திருக்கிறோம். நல்ல பிரிவினைதான். ஆனாலும் தினமும் ஐந்தரைக்குப் போன் வரும்: “வரக்குள்ள என்ன வாங்கணும்?” அவர் உதவி செய்யத்தான் கேட்கிறார். அந்தக் கேள்வி வரும் நேரத்தில் நான் பாலத்தில் நிற்பேன். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி, அடுப்படி அலுமாரியை மனதுக்குள் திறந்து, ஒவ்வொரு டப்பாவாகத் தட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். வாங்குகிற வேலை அவருடையது, நினைக்கிற வேலை என்னுடையது. இதைச் சொன்னபோது முதலில் “மறுகா பாப்பம்” என்றார். ஒரு வாரத்துக்குப் பிறகு அவரே கலண்டர் தாள் ஒன்றைத் திருப்பி அடுப்படிச் சுவரில் ஒட்டினார். டப்பா காலியாவதைக் காண்பவர் யாரோ அவரே எழுத வேண்டும், வெளிக்கிட முன் அவரவர் வழியில் உள்ளதை அவரவர் போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை, நிமிடம், எப்போதுக்குள், ‘க’வா ‘ஆ’வா என்று நாலு கட்டம்.

கணவர் முதல் இரண்டு கட்டத்தோடு நிறுத்திவிடுவார். மகன் வேலையை மட்டும் எழுதுவான், அதுவும் கோணலாக. நேற்று மகளின் எழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘கொம்பாஸ் பெட்டி, 10 நிமிடம், வியாழன் 6 மணிக்குள், க.’ அதற்குக் கீழே இன்னொன்று: ‘அம்மாவோட கரம் விளையாட, 30 நிமிடம், எப்பவும், ஆ.’